அஞ்சலை ஏலத்துக்குப் போகும் பாதை

அஞ்சலையின் பாதையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனவர்கள் நீங்கள். வேறு யாரும் இல்லை. நம் குழுவின் நீலப் பனியனைப் போட்டுக்கொண்டு போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பத்துக்குப் போனீர்கள். மணலில் கிடந்த ரப்பர் பட்டையைச் சுருட்டினீர்கள். டிராக்டரில் ஏற்றினீர்கள். எடைக்குப் போட்டீர்கள்.

ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டீர்கள். "புதுசா சேர்ந்தவங்களுக்கு ஊக்கமா இருக்கணும், ரெண்டு பக்கம் போதும் அக்கா" என்றீர்கள். ரெண்டு பக்கத்தில் அடங்காது. ஊக்கம் வருமா என்றும் தெரியாது. ஆனால் ஒரு வரியைக்கூட வெட்டாமல் போடுங்கள்.

குழுவுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்கிறவர்கள். அதற்குப் பணம் திரட்டப் பல வழி பார்ப்போம். இந்த வருடம் பிள்ளைகள் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். கடற்கரையில் குப்பை பொறுக்குவது. பொறுக்கிய குப்பைக்குக் கிலோ கணக்கில் ஒரு நிறுவனம் பணம் தரும். அந்தப் பணத்தில் நாற்காலி வாங்குவோம். நல்ல யோசனைதான். எனக்கு இந்த மூளை வந்ததில்லை. நாங்கள் ஒரு வருடம் அலைந்து திரட்டியதை நீங்கள் ஒரு காலையில் திரட்டுகிறீர்கள். அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறவள் நான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

கிலோவுக்குப் பணம் என்றவுடன் கனமான பொருளைக் கண் தேடும். அன்று அந்தக் கடற்கரையில் இருந்ததிலேயே கனமான பொருள் அந்த ரப்பர் பட்டை. அது அங்கே எப்படி வந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வீடு ஊரப்பாக்கம். தினமும் கம்பெனி பஸ். எங்கள் வசூல் அந்த பஸ்ஸில்தான் தொடங்கியது. ஊரப்பாக்கத்தில் ஏறினால் கூடுவாஞ்சேரி வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களிடம் பிரசங்கம் செய்ய முடியாது. "போன மாசம் நம்ம பஸ் துட்டுல ஒருத்தருக்கு நாற்காலி போயிருக்கு. இன்னும் ரெண்டு பேர் காத்துகினு கீறாங்க." அவ்வளவுதான் பேச்சு. டிபன் பாக்ஸ் மூடி ஒன்று கடைசி சீட் வரை போய்த் திரும்பி வரும். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது எங்கள் சட்டம். தூங்கி எழுந்து, மூடி தன்னைத் தாண்டிப் போய்விட்டதைப் பார்த்து, கம்பெனி கேட் அருகே இறங்கும்போது என் கையில் திணித்துவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். ஓவர்டைம் பார்த்த நாளில் மட்டும் போடுவேன் என்று ஒருவர் வைத்திருந்தார். எங்களுக்காகவே ஓவர்டைம் கேட்டு வாங்குவார். அணுபுரம் குடியிருப்பில் சில பெண்கள் வாரம் தவறாமல் முறுக்கு சுட்டு விற்றுக் கொடுத்தார்கள். இவர்களில் யார் பெயரும் எந்தப் பதாகையிலும் வந்ததில்லை. வர வேண்டும் என்று ஒருவரும் கேட்டதும் இல்லை.

குழுவில் ஒரு தையல்காரி இருந்தாள். இப்போதும் இருக்கிறாள். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் சின்னக் கடை. என்னைவிடப் பத்து வயது இளையவள். எனக்கு இந்த வேலையில் தெரிந்ததில் பாதி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பெயரைப் போட்டால் உதைப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் தையல்காரி என்றே எழுதுகிறேன்.

ஒரு வருடம் செங்கல்பட்டில் கல்யாண மண்டபம் பிடித்து நாற்காலி வழங்கும் விழா வைத்தோம். சிறப்பு விருந்தினர் வர நேரமாயிற்று. வாங்க வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துக் காக்க வைத்தோம். அவர்களில் ஒருத்திதான் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். கருவாடு காயப்போட மாடிக்குப் போனவள் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பட்டியலில் இவ்வளவுதான் எழுதியிருந்தோம். பெயர், வயது, ஊர், என்ன ஆச்சு. அவள் எங்கே போக வேண்டியவள் என்று நாங்கள் கேட்கவில்லை.

விருந்தினர் நாற்காலியைக் கொடுத்து, கேமராவைப் பார்த்தபடி, "சந்தோஷமா அம்மா?" என்று கேட்டார்.

"ஊட்டுக்குப் போயி ஒக்காந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றாள் அஞ்சலை.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கொடுத்த நாற்காலிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க நானும் தையல்காரியும் ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம். குப்பத்துக்குப் போனால் அஞ்சலை வீட்டு வாசலில் நம் நாற்காலி நிற்கிறது. அதன் மேல் ஒரு ஐஸ் பெட்டி. கைப்பிடியில் வலை காய்கிறது. அஞ்சலை வாசற்படியில் தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருக்கிறாள். சுற்றி நாலைந்து பெண்கள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"இன்னாம்மா இது? ஐஸ் பொட்டி வெக்கவா நாற்காலி குடுத்தோம்?"

"வாக்கா. ஒக்காரு. டீ போடச் சொல்றேன்."

"டீ கெடக்கட்டும். லிஸ்ட்ல எத்தினி பேரு கீறாங்க தெரியுமா? ஊட்டுக்குள்ள தவழ்ந்துகினு கீறாங்க. நீ அதுமேல வல காயப் போடுற."

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "அத்தக் கொஞ்சம் தள்ளிப் பாத்துட்டுப் பேசுக்கா" என்றாள்.

"நீ கம்முனு கெட" என்றேன்.

அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டாள். "எட்துகினு போக்கா. ஆருக்காச்சும் ஒதவட்டும்."

ஐஸ் பெட்டியை நானே இறக்கினேன். நாற்காலியை மடக்கி வேனில் போட்டேன். அத்தனை பேர் பார்க்க, நடக்க முடியாத ஒருத்தியின் வாசலிலிருந்து நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அந்த நிமிடத்தில் நான் நியாயம் செய்வதாகவே நினைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் அநியாயம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் தையல்காரி, "அண்ணே, ஓரமா நிறுத்து" என்றாள். டிரைவர் நிறுத்தினார்.

"அக்கா, நீ இத்தத் தள்ளிப் பாத்தியா?"

"எதுக்குத் தள்ளணும்? புது நாற்காலி."

"நான் ஜாக்கெட் தச்சா போட்டுப் பாக்கச் சொல்லித்தான் குடுப்பேன். நீ மண்டபத்து டைல்ஸ் மேல தள்ளிப் பாத்துட்டுக் கடலோரம் கொண்டாந்து குடுத்துட்ட. அண்ணே, வண்டியத் திருப்பு."

"மூணு வீடு பாக்கி கீதுடி. நேரம் போவுது."

"போவட்டும். இத்தப் பாக்காம இன்னொரு ஊட்டுக்குப் போனா அங்கயும் இதே பேஜாருதான்."

வேன் திரும்பியது. மறுபடி அதே வாசல். அதே பெண்கள். தையல்காரி நாற்காலியை இறக்கி விரித்து மணலில் வைத்தாள்.

"ஒக்காருக்கா."

"நானா?"

"நீதான். எனக்கு எடை பத்தாது."

உட்கார்ந்தேன். தள்ளினாள். நாலடி போயிருக்கும். முன்னால் உள்ள சின்னச் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்தன. அவள் இன்னும் தள்ள, நாற்காலி முன்னுக்குச் சாய, நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அலைச் சத்தத்தைத் தாண்டி வந்தது.

"ஊரப்பாக்கத்து மீனு! ஒத்த மீனு! கெளுத்தி மாரி கொழுகொழுன்னு கீது, வந்து பாரு! ஆயிரம்... ஆயிரம்... ஆயிரத்தி நூறு... ஆரு கேக்குறது?"

"அம்பது ரூவா!" என்றாள் ஒருத்தி.

"அம்பதுக்கு இது வாலுகூட வராது. மேல கேளு!"

அஞ்சலைதான். அவள் அந்தக் குப்பத்தில் மீன் ஏலம் கூறுகிறவள். படகு கரையேறியதும் மீனைக் குவித்துப் போட்டுச் சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். குவியல் பக்கத்தில் நின்று விலை கூறி ஏற்றிவிடுவது அவள் வேலை. குரல்தான் அவள் சொத்து. விழுந்த பிறகு வீட்டோடு கிடக்கிறாள். அவள் இடத்தில் வேறொருவர் விலை கூறிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, மணலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

"சரி, எறங்கி நடக்கா" என்றாள் தையல்காரி. "உனக்குத்தான் காலு கீதே."

இந்த ஒரு வாக்கியம் அடித்ததுபோல் என்னை யாரும் அடித்ததில்லை.

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுக்கா" என்றாள் அவள். முடிந்தது என்று நினைத்தேன். தையல்காரி விடவில்லை. "நீ புடுங்கினத நாலு பேரு பாத்தாங்க. இந்நேரம் குப்பம் பூரா போயிருக்கும், அஞ்சலை ஓசில வாங்கி ஐஸ் பொட்டி வெச்சிகினான்னு. அது காதுல ஒண்டி சொன்னா போதுமா?"

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்றேன். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். "அஞ்சலைக்கு நாங்க குடுத்த நாற்காலி மணல்ல ஓடாது. பாக்காம குடுத்தது நானு. பாக்காம வந்து புடுங்கினதும் நானு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு மீனவர், "சரிம்மா, தள்ளி நில்லு, வல வருது" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்தக் குப்பத்தில் எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள்.

பிறகுதான் சரியான கேள்வியைக் கேட்டோம். அஞ்சலை எங்கே போக வேண்டும்? வீட்டு வாசலிலிருந்து ஏலம் நடக்கும் இடத்துக்கு. எந்த நாளுக்குள்? மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பு. தடைக்காலத்தில் பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தக் குப்பத்து ஃபைபர் படகுகள் போகும். மீனுக்கு நல்ல விலை வரும் மாதங்கள் அவை. அந்த நேரத்தில் இன்னொருவர் குரல் வியாபாரிகளுக்குப் பழகிவிட்டால் அஞ்சலைக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அவளுக்கு வேறு வருமானம் இல்லை.

தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அவள் கொழுந்தன் சொன்னார். அவள் ஒப்பவில்லை. "மீன் கூடை மாரி என்னக் கொண்டாந்து எறக்கினா, வெல ஏத்துறப்ப எவன் என்ன மதிப்பான்?" என்றாள். கேட்டீர்களா? சமாதானத்துக்கு இறங்கி வந்துவிடாத மனுஷி. இப்படிப்பட்டவர்களைப் பார்க்கும்போதுதான் இந்த வேலைக்கு வந்தது நல்லது என்று இருக்கும்.

சிமெண்ட் போடலாம் என்றோம். படகு இழுக்கிற வழி, போட முடியாது என்றார்கள். பலகை போட்டோம். ஒரே வாரத்தில் மணலுக்குள் போய்விட்டது. பெரிய சக்கரம் வைத்த நாற்காலி விலை கேட்டோம். அந்த விலைக்குப் பத்துப் பேருக்கு நாற்காலி வாங்கலாம்.

அப்போதுதான் எங்கள் தொழிற்சாலையில் பழைய கன்வேயர் பெல்ட்டைக் கழற்றிக் கழிவு யார்டில் போட்டிருந்தார்கள். பாகங்களை வைத்து நகர்த்துகிற தடித்த ரப்பர் பட்டை. மூன்றடிக்கு மேல் அகலம். சுருட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அஞ்சலை வாசல்தான் கண்ணில் வந்தது.

ஆனால் யார்டில் கிடப்பதெல்லாம் ஒப்பந்தக்காரருக்குப் போக வேண்டியது. ஒரு திருகாணியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாலும் திருட்டு, வேலை போய்விடும். எனக்கு ஓய்வு பெற நாலு வருடம் பாக்கி. யார்டு மேற்பார்வையாளர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: "பேக்கிங் வேஸ்ட்டுன்னு ஒரு கேட் பாஸ் எழுதுக்கா. நான் கையெழுத்து போடுறேன். இன்னைக்கே போயிரும்." தடைக்காலத்துக்குச் சில வாரமே இருந்தது. பேனாவை எடுத்துவிட்டேன். எழுதுவதற்கு முன் தையல்காரிக்குப் போன் போட்டேன். பாராட்டுவாள் என்று நினைப்பு.

"நாளைக்கு மாட்டிகினா, அந்தம்மா திருட்டு மால் மேல ஏறிப் போனதாத்தான் பேச்சு வரும்" என்றாள். "நேரா போயி கேளு. இல்லன்னா இல்ல."

போனேன். தொழிற்சாலைத் தலைவரின் அறைக்குள் அதுவரை நான் நுழைந்ததில்லை. எதற்கு என்று முழுவதும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மணல் மூடுமே, தினம் யார் தள்ளுவாங்க?"

தெரியாது என்றேன். "தெரிஞ்சிகிட்டு வாங்க, கையெழுத்து போடுறேன்" என்றார். அந்த மனிதரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். உடனே கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டிருக்கலாம்.

குப்பத்தில் போய்க் கேட்டேன். மீன் வாங்க வரும் பெண்கள்தான் முதலில் பேசினார்கள். அவர்களில் பலர் அஞ்சலையோடு விலைக்காக நாள் தவறாமல் சண்டை போட்டவர்கள். "தெனம் அந்தப் பக்கமாத்தான் வரோம். வர்சொல்ல ஆளுக்கு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வரோம். இதுக்கு எதுக்கு மீட்டிங்கு?" என்றாள் ஒருத்தி. கட்டைத் துடைப்பம் இரண்டு அஞ்சலை வீட்டு வாசலில் சாத்தி வைக்கப்பட்டது. நம் குழுவிலிருந்து ஞாயிறுதோறும் ஒருவர் போய்ப் பட்டையின் ஓரங்களைச் சரி செய்துவிட்டு வருவது என்று ஏற்பாடு.

இதைப் போய்ச் சொன்னதும் தலைவர் கையெழுத்துப் போட்டார். பாதை விரித்த அன்று அஞ்சலை தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். யாரும் தள்ளவில்லை. தள்ள வந்த கொழுந்தனை, "கைய எடு" என்றாள். குவியல் பக்கத்தில் போய் நின்றாள். நின்றாள் என்றுதான் எழுதுவேன். முதல் குவியல் காரப்பொடி மீன். வாயைத் திறந்தாள். அவ்வளவு காலம் கூறிக்கொண்டிருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார். நான் தையல்காரியைப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாதை ஆறு வருடம் இருந்தது. புயலில் புதைந்தபோது தோண்டி எடுத்தார்கள். ஐஸ் பெட்டி வண்டி அதன் மேல்தான் போனது. முழங்கால் வலிக்காரர்கள் அதன் மேல்தான் நடந்தார்கள். என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்று, முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை போவது நின்றுவிட்டது. புதிதாக வந்த உங்களிடம் அந்தப் பொறுப்பை நான் ஒப்படைக்கவில்லை. அப்படி ஒரு பாதை இருப்பதைக்கூடச் சொல்லவில்லை. உங்கள் பனியன் கலரைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். இதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. என் பங்கு அது.

போன மாதம் அஞ்சலை போன் செய்தாள்.

"அக்கா, புது பெல்ட்டு எப்ப வருது?"

"எந்த பெல்ட்டு?"

"நம்ம புள்ளைங்க வந்து பழச எட்துகினு போனாங்களாமே. நானு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா இல்ல. பனியன்ல நாற்காலி படம் போட்டிருந்துச்சாம். அதான் ஆரும் ஒண்ணும் கேக்கல. என் கொழுந்தனும் இன்னும் ரெண்டு பேரும் வண்டில தூக்கிக்கூட உட்டாங்களாம். புதுசு எப்பக்கா வருது?"

விசாரிக்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

விசாரித்தேன். நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கட்டைவிரல் படம் நாலு வந்தது. "செக் பண்றோம் அக்கா" என்று ஒன்று. மூன்றாம் நாள் அன்றைய நிகழ்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த தம்பி தனியாகப் போன் செய்தார். "பெருசாக்க வேணாம் அக்கா. பணம் குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சா அடுத்த தடவ குடுக்க மாட்டாங்க. சத்தமில்லாம புதுசா ஒரு பெல்ட் வாங்கிப் போட்டுர்லாம். எல்லாம் சரியாயிடும்."

சரியாகாது தம்பி. நான் அந்தக் குப்பத்துக்குப் போய்விட்டு வந்தேன். நடந்து, கம்பு ஊன்றி. அங்கே என்ன பேச்சு தெரியுமா? புது பெல்ட் வராத இந்த மூன்று வாரத்தில், அஞ்சலையின் கொழுந்தனும் அந்த இரண்டு பேரும் பெல்ட்டை உங்களிடம் விற்றுக் குடித்துவிட்டு, புதுசு வரும் என்று கதை கட்டுகிறார்கள் என்று பேச்சு. அவர்கள் உங்களை நம்பித் தூக்கிவிட்டவர்கள். உங்கள் நெஞ்சில் இருந்த படத்தை நம்பினார்கள். கொழுந்தன் ஏலத்துப் பக்கமே வருவதில்லை. "நான் ஒத்த ரூவா வாங்கல அண்ணின்னு கதவுகிட்ட நின்னு சொல்லிட்டுப் போச்சு. நானும் நம்பாத மாரி பாத்துட்டேங்கா" என்றாள் அஞ்சலை. அவள் வாசலில்தான் இருந்தாள். கடற்கரையில் வேறு யாரோ விலை கூறிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கேட்டது. பேசும்போதெல்லாம் அவள் பாதி காது அங்கேதான் இருந்தது. "சங்கராவ இவ்ளோ கம்மியாவா உடுவாங்க?" என்று முணுமுணுத்தாள்.

இதைச் சத்தமில்லாமல் சரி செய்ய முடியுமா? பெல்ட்டைச் சத்தமில்லாமல் போடலாம். அந்த மூன்று பேருக்குப் போன பெயரை எப்படித் திரும்பப் போடுவீர்கள்?

பெல்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய தொழிற்சாலையில் கேட்டுவிட்டேன், தருகிறார்கள். கேட்டு எழுதிய கடிதத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. தையல்காரி அகலம் அளந்துவிட்டு வந்துவிட்டாள். இந்தத் தடவை ஓரத்தில் ஒரு பலகை நட்டு, இது யார் எங்கே போகும் பாதை என்று பெயின்ட்டில் எழுதச் சொல்லியிருக்கிறாள். இதற்கெல்லாம் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றைத்தான் கேட்கிறேன். அன்று உங்களோடு போன ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறவள். வாசலிலேயே நின்று அழுதாள். பட்டையைச் சுருட்டும்போது, "இது யாரோ வேணும்னு விரிச்ச மாதிரி இருக்கே, ரெண்டு பக்கமும் பெருக்கி வெச்சிருக்காங்களே" என்று கேட்டிருக்கிறாள். அவள் கண் நல்ல கண். இந்த வேலைக்கு அந்தக் கண்தான் வேண்டும். கேட்டுவிட்டு விட்டுவிட்டாள், அது ஒன்றுதான் குறை. அவளிடம் அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறு ஞாயிறே தனியாக அந்தக் குப்பத்துக்குப் போய்விட்டும் வந்திருக்கிறாள்.

அவள் கேட்டபோது ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்: "வெயிட் நல்லா வரும், ஏத்து." யார் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. காட்டிக்கொடுப்பது அவள் வேலை இல்லை. ஒத்துக்கொள்வது உங்கள் வேலை.

இந்த மலர் வெளியாகி வரும் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தக் குப்பத்தில் ஏலம் நடக்கும். அஞ்சலை இருப்பாள், அவள் கொழுந்தனை நான் கூட்டிக்கொண்டு வருவேன், மற்ற இருவரும் வருவார்கள், மீன் வாங்க ஊரே நிற்கும். "வெயிட் நல்லா வரும், ஏத்து" என்று சொன்னவர் அங்கே வந்து, தன் பெயரைச் சொல்லி, அத்தனை பேர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: அந்த வார்த்தையைச் சொன்னது யார்?